குதிரைக்காரர்கள் ஓட்டிப்போன ஆடுகள்

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் மலையடிவாரத்து ஆட்டுப்பண்ணை ஒன்றில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். என்னோடு ரூமில் இருந்தவர் ஒரு சூடான்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அரைகுறை இந்தியும் அரபியும் கலந்துதான் பேசிக்கொள்வோம். நான் அவரை பாய் என்பேன். அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

அவர் நாட்டில் உள்நாட்டுச் சண்டை தொடங்கிய பிறகு வீட்டிலிருந்து போன் வருவதே அபூர்வம். ஒரு நாள் மதியம் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது அவர் தங்கை பேசி அனுப்பிய குரல் பதிவு வந்தது. கேட்டவர் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

விடிந்ததும் குதிரைகளில் நாற்பது ஐம்பது பேர் துப்பாக்கியோடு வந்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்து ஆட்கள். மேய்ச்சலுக்குக் கிளம்பிய மந்தையை வளைத்து, ஆடு, ஒட்டகம் ஒன்று விடாமல் ஓட்டிப்போய்விட்டார்கள். இவருடைய தம்பி ஒரு குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து நிறுத்தப் பார்த்திருக்கிறான். அங்கேயே சுட்டுவிட்டார்கள்.

"லீவு கேளுங்க பாய்" என்றேன்.

"எந்த ரோட்டுல போறது?" என்றார்.

நாலைந்து மாதம் கழித்து, ஹஜ்ஜுப் பெருநாளுக்காக எங்கள் கஃபீல், அதாவது பண்ணை முதலாளி, ஒரு லாரி சூடான் ஆடுகளை வாங்கி வந்து இறக்கினார். பாய் ஒரு கிடாயின் காதைப் பிடித்தவர் விடவே இல்லை. இடது காது நுனியில் இரண்டு வெட்டு. அது அவர் வீட்டு அடையாளம். தேடிப் பார்த்தோம். அப்படிப் பதினோரு ஆடுகள் இருந்தன.

என்னையும் கூட்டிக்கொண்டு கஃபீலிடம் போய்ச் சொன்னார். கஃபீல் கெட்டவரில்லை, பொறுமையாகத்தான் கேட்டார். "கப்பல்ல பேப்பரோட வந்த ஆடு. நான் என்ன செய்ய முடியும்? கலாஸ், அது முடிஞ்சுபோச்சு. வேணும்னா நீ அந்தப் பட்டிப் பக்கம் போகாதே, இவன் பாத்துக்குவான்."

பாய் ஒத்துக்கொள்ளவில்லை. பெருநாள்வரை அவற்றுக்குத் தீனி வைத்தது அவர்தான். உதவிக்குப் போனால் என்னை விரட்டினார். ஒருமுறை மட்டும், "என் தம்பி கடைசியா இதுல எதைப் பாத்தானோ" என்றார்.

பெருநாளுக்கு முதல் நாள், ஆடுகளை அறுப்புக்கு ஏற்றிப்போக லாரி வந்தது. நான் ஏற்றுகிறேன் என்றேன், கேட்கவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றினார். ஒன்று குதித்து அவரிடமே ஓடிவந்தது. அதையும் பிடித்து ஏற்றிவிட்டுக் கதவைத் தாழிட்டார்.

மறுநாள் கஃபீல் வீட்டிலிருந்து பெரிய தட்டில் சோறும் கறியும் வந்தன. பாய் தொடவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எனக்குப் பசி. அவர் இருக்கும்போதே உட்கார்ந்து சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.