காபியை விட்ட வாரத்தில் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனது

1995ஆம் வருடம், சித்திரை மாதத்தில் ஒரு புதன்கிழமை. காலை ஆறேகாலுக்குச் சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு வாசலில் வாடகை அம்பாசடர் வந்து நின்றது. கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய், டிரைவர் படி தனி. எனக்கு அக்கா ஒருத்தி. வைகாசியில் அவள் கல்யாணம். பத்திரிகை வைக்க அம்மாவும் நானும் புறப்பட்டோம். பல்லடம், காங்கேயம், அங்கிருந்து கோபிசெட்டிபாளையம், கடைசியாக அந்தியூர் என்று திட்டம்.

சாமான்களைச் சரிபார்ப்பது என் வேலை. பத்திரிகைக் கட்டு, பித்தளைத் தட்டு, குங்குமச் சிமிழ், வெற்றிலை பாக்கு, இரண்டு சீப்பு வாழைப்பழம். எங்கே போனாலும் நான் முதலில் எடுத்து வைப்பது காபி பிளாஸ்க்கைத்தான். அது மட்டும் அன்று அடுக்களையிலேயே இருந்தது. நான் காபியை விட்டு முழுதாக ஒரு நாள் ஆகியிருந்தது.

பம்பு மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில், மோட்டார்களை ஓட்டிப் பார்த்து அளவெடுக்கும் பிரிவில் எனக்கு வேலை. அங்கே ஒரு நாளைக்கு ஆறு காபி, சில நாள் ஏழு. இரண்டு மாதமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வீட்டில் சொன்ன அன்றைக்கே அப்பா டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். அவர் கேட்ட முதல் கேள்வியே எத்தனை காபி என்பதுதான். இரண்டு வாரம் காபி, டீ இரண்டையும் அடியோடு நிறுத்து, படபடப்பு நின்றுவிட்டால் காபிதான் காரணம், நிற்காவிட்டால் மேற்கொண்டு பரிசோதனை செய்யலாம் என்றார். எனக்கு அந்த முறை பிடித்தது. சந்தேகப்படும் ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பதைத்தான் நாங்களும் தினம் செய்கிறோம். நடுவில் ஒரு டம்ளர் குடித்தாலும் சோதனை கெட்டுவிடும். பத்திரிகை வைக்கும் வாரம் அது என்பதைத்தான் யோசிக்கவில்லை.

பத்திரிகை வைக்கப் போகும் வீட்டில் காபி குடிக்காமல் எழ முடியாது. குடிக்காமல் வந்தால் வைத்த பத்திரிகை வைத்ததாகவே ஆகாது. "ஒரு வாய் காபி குடிக்கலையே" என்று பத்து வருடம் கழித்தும் சொல்லிக் காட்டுவார்கள்.

மற்ற வீடுகளையாவது சமாளிக்கலாம். அம்மாவின் கவலையெல்லாம் கோபியில் இருக்கும் மாமாவைப் பற்றியது. அம்மாவுக்கு ஒரே அண்ணன். மூன்று வருடத்துக்கு முன் தாத்தா இறந்த துக்க வீட்டில் அப்பா எல்லார் முன்னாலும், "முன்னாடியே டாக்டர்கிட்டக் காட்டியிருந்தா ஆள் பொழச்சிருப்பாரு" என்று சொல்லிவிட்டார். தாத்தாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவர் மாமா. அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாய்மாமன் செய்ய வேண்டிய சீர்கள் பல. மணமேடையில் அந்த இடம் காலியாக இருந்தால் அக்காவின் கல்யாணத்தில் ஊரே அதைத்தான் பார்க்கும். "நான் வந்தா பேச்சு வளரும். நீங்க ரெண்டு பேரும் போங்க" என்று அப்பா ஒதுங்கிக்கொண்டார்.

ஏழரை மணிக்குப் பல்லடம். முதல் வீட்டு அம்மாளிடமே ஆரம்பித்தது.

"காபி வேண்டாங்களா? அப்ப டீ வெச்சுத் தரட்டுங்களா அம்மணி?"

"டீயும் வேண்டாங்க. காபியில இருக்கறது அதுலயும் இருக்குங்க."

"என்னதுங்க இருக்குது?"

காஃபின் என்று சொல்லிப் புரியவைக்கும் நிலையில் நான் இல்லை. "ஒரு சத்துங்க" என்றேன்.

"சத்து இருந்தா நல்லதுதானுங்களே, குடிங்க" என்று சொல்லி அந்த அம்மாள் இரண்டு டம்ளர் காபியை எங்கள் முன் வைத்துவிட்டு உள்ளே போனார். அம்மா தன்னுடையதைக் குடித்து முடித்து, என் டம்ளரையும் எடுத்து மடமடவென்று குடித்து, காலி டம்ளரை என் முன் வைத்துவிட்டார். அதன்பின் எல்லா வீட்டிலும் இதே ஏற்பாடு. வீட்டுக்காரர் முகத்தைத் திருப்ப வேண்டும், அம்மா குடிக்க வேண்டும்.

பல்லடத்தைத் தாண்டினால் காங்கேயம் வரை வறண்ட காடுதான். கிளுவை வேலி, கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மாடுகள், வெள்ளை வெயில். என் தலைவலி அந்தச் சாலையில்தான் முழு வேகம் எடுத்தது. இரண்டு கண்ணுக்கும் பின்னால் யாரோ திருகாணியை முடுக்குவது போல இருந்தது. டிரைவர் துரைசாமி அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "நானா இருந்தா காபியை விடறதுக்குப் பதிலா அந்த டாக்டரை விட்டுப்போட்டிருப்பனுங்க" என்றார்.

காங்கேயம் கடைவீதியில் ஒரு மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்கினேன். பிரிப்பதற்கு முன் அட்டையின் பின்புறத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். மருந்தின் பெயருக்குக் கீழேயே காஃபின் என்று போட்டிருந்தது. திருப்பிக் கொடுத்தேன். "வலி நல்லாக் கேக்குமுங்க, எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க" என்றார் கடைக்காரர். கேட்கும்தான், தலை கேட்டுக்கொண்டிருந்ததே அதைத்தான். அந்தச் சரக்கு இல்லாத வேறு மாத்திரை வாங்கிக்கொண்டேன். காபியை நிறுத்தப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் மூன்று விஷயம் சொல்லலாம். ஒரேயடியாக நிறுத்தாமல் ஒவ்வொரு டம்ளராகக் குறைப்பது மேல். மாத்திரை அட்டையைப் படியுங்கள். தண்ணீரும் மோரும் நிறையக் குடியுங்கள். நான் முதலாவதைச் செய்யவில்லை.

தலைவலியைக்கூட மறைக்கலாம், கொட்டாவியை மறைக்க முடியாது. ஒரு எண்ணெய் மில்காரர் வீட்டில், களம் முழுக்கத் தேங்காய்ப் பருப்பு காய, அம்மா மாப்பிள்ளையின் படிப்பையும் குடும்பத்தையும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வரிசையாக ஏழெட்டுக் கொட்டாவி விட்டேன். "மாப்பிள்ளை அவ்வளவு சாதுங்களா? பேரைச் சொன்னாலே தூக்கம் வருதே!" என்று மில்காரர் சிரித்தார். அம்மா என் தொடையில் கிள்ளினார்.

சாயங்காலம், அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா வீட்டுக்குப் போனோம். காங்கேயத்துப் பெரியம்மா என்போம். இரவு அங்கேதான் தங்கல். அவரிடம் மறைக்க ஒன்றுமில்லை என்பதால் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அம்மாவுக்கு மட்டும் காபி வந்தது. அம்மா டம்ளரைப் பார்த்ததுமே நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"எனக்கும் வேண்டாங்கக்கா. நெஞ்செல்லாம் படபடன்னு அடிக்குது."

"அம்மாளுக்கும் மகளுக்கும் ஒரே சீக்கா? நல்லா இருக்குது போ" என்று பெரியம்மா டம்ளரை எடுத்துப் போய்விட்டார். நான் சோற்றை முடித்த கையோடு படுத்தவள், காலையில்தான் கண் விழித்தேன். அம்மா பொட்டுத் தூக்கம் இல்லாமல் கிடந்ததாகச் சொன்னார்.

வியாழக்கிழமை காலை இட்லி சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்குக் கிளம்பினோம். கோபிக்குச் சென்னிமலை, பெருந்துறை வழியாக அறுபது கிலோமீட்டர் இருக்கும். தூங்காத அம்மாவும் தலைவலிக்காரியும் ஒரே பின்சீட்டில். கண்ணாடியை ஏற்றுவதா இறக்குவதா என்பதற்கே சண்டை வந்தது. பெருந்துறை தாண்டியதும் அம்மா தணிந்த குரலில் சொன்னார்.

"கண்ணு, இந்த ஒரு ஊட்டுல மட்டும் ஒரு டம்ளர் குடிச்சுப்போடு. உங்கத்தை குடுக்கறதை நீ வேண்டாம்னு சொன்னா, அப்பன் சொல்லி அனுப்பிச்சதுன்னு எங்கண்ணன் நெனச்சுக்கும்."

"டாக்டர் சொன்னது?"

"மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சுக்கலாம். மாமன் இல்லாம உங்கக்காவை மேடையில உக்கார வெக்க முடியுமா?"

சரி என்றேன். தியாகம் என்று நினைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் சரி என்று சொன்ன நிமிடத்திலிருந்து என் நாக்கு அந்த டம்ளருக்குத் தயாராகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். வெளியே வறண்ட நிலம் முடிந்து வாய்க்கால், வாழை, நெல் வயல் என்று வந்தன. நான் பாலும் டிகாஷனும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதரை மணிக்குத் தோட்டத்து வீட்டை அடைந்தோம். அத்தை வாசலுக்கு வந்து, "வாங்க, வாங்க" என்றார். மாமா எழுந்து நின்றார். "வா சரசு" என்று அம்மாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று வருடத்தில் அவருக்கு மீசை நரைத்திருந்தது. இட்லி சாப்பிட்டுத்தான் வந்தோம் என்றோம். மழை உண்டா, கோவையில் தண்ணீர் எப்படி என்று மாமாவிடமிருந்து இரண்டே கேள்வி. அத்தை உள்ளே போய் இரண்டு செம்பில் இளநீர் கொண்டுவந்தார்.

குடித்தோம். செம்பை எடுத்துப் போனார். காபி வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை.

அம்மா பத்திரிகைப் பையை மடியில் வைத்து, தட்டை வெளியே எடுக்காமலே உட்கார்ந்திருந்தார். அப்போது நல்ல டிகாஷன் வாசனை வந்தது. என் தலை தானாக ஜன்னல் பக்கம் திரும்பியது. வேப்ப மரத்தடியில் துரைசாமி அண்ணன் காபியை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். அம்மாவும் பார்த்துவிட்டார். டிரைவருக்குக் காபி, கூடப் பிறந்தவளுக்கு இளநீர். நேற்று முழுக்க யார் யாரோ வீட்டுக் காபியை என் பங்கும் சேர்த்துக் குடித்தவருக்கு, குடிக்க நினைத்த ஒரே வீட்டில் காபி இல்லை. அம்மா பையின் வாயை இறுக்கிச் சுருட்டினார்.

"கிளம்பலாம் கண்ணு" என்று எழுந்தார்.

எழுந்தால் முடிந்தது. அந்தப் பை திறக்காமலே கோவைக்குத் திரும்பும். யோசித்துப் பேச என் தலையில் இடம் இல்லாததால் மனதில் இருந்ததே வாயில் வந்தது.

"அத்தை, டிரைவர் அண்ணனுக்குக் குடுத்த காபி இன்னும் இருக்குங்களா? அம்மாவுக்கு ஒரு டம்ளர் வேணும்."

அத்தை பதறிப்போனார். "ஐயோ, சரசுக்குக் காபி குடுக்கலாமுங்களா? காத்தால காங்கேயத்து அக்கா போன் பண்ணிச் சொன்னாங்களே! ரெண்டு பேருக்கும் நெஞ்சுப் படபடப்பாம், டாக்டர் காபியே ஆகாதுன்னுட்டாராம். இறக்கி வெச்ச டிகாஷனை மூடி வெச்சுப்போட்டு, வாசனைகூட வரக்கூடாதுன்னு உள்கதவைச் சாத்தி வெச்சிருக்கறேன்!"

மாமா அம்மாவிடம் திரும்பினார். "நெஞ்சு விஷயத்தை வெச்சுக்கிட்டு ஊர் ஊராச் சுத்தறே. எந்த டாக்டர்? மாப்பிள்ளை கூட்டிட்டுப் போனாரா இல்லையா?" அப்பாவை அவர் மாப்பிள்ளை என்று சொல்லி மூன்று வருடம் ஆகியிருந்தது. வந்ததிலிருந்து அம்மாவின் முகத்தில் அவர் தேடிக்கொண்டிருந்தது என்ன என்று அப்போது புரிந்தது.

அம்மா மறுபடி உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணுமில்லீங்ணா. காபி ஆகாதது இவளுக்கு. நேத்து இவ பங்கையும் நானே குடிச்சுப்போட்டேன். அதுல படபடன்னு வந்துது."

"எத்தனை குடிச்சே?"

"பன்னெண்டு இருக்குமுங்ணா."

"பன்னெண்டு காபி குடிச்சா எருமைக்குக்கூட நெஞ்சு படபடன்னுதான் அடிக்கும்!" என்று மாமா கத்தினார். கத்தி முடித்ததும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்க நேரம் பிடித்தது. அத்தை உள்ளே ஓடினார்.

பிறகு மாமா என்னைப் பார்த்தார். "அப்ப உனக்கு?"

சொன்னேன். இரண்டு வாரம், சோதனை, எல்லாம். டாக்டரிடம் யார் கூட்டிப் போனது என்று கேட்டார்.

"அப்பாதான் மாமா. சொன்ன அன்னைக்கே."

"போயிருப்பாரு" என்று தலையாட்டினார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "அன்னைக்கு அவர் சொன்னதும் தப்பில்லை. சொன்ன இடம்தான் தப்பு" என்றார்.

காபி மூன்று டம்ளரில் வந்தது. அம்மா அன்று அந்த ஒன்றை அடி வரைக்கும் குடித்தார். அத்தை அவசரத்தில் எனக்கும் வைத்துவிட்டதை நான் தொடும் முன்பே மாமா எடுத்துத் தன் டம்ளரில் கவிழ்த்துக்கொண்டார். "சோதனைன்னா சோதனை" என்றார். அந்த நேரத்தில் அவர் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மா தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்துப் பத்திரிகையை நீட்ட, மாமாவும் அத்தையும் நின்றபடி நான்கு கையாலும் வாங்கிக்கொண்டார்கள்.

சாப்பிட்டுவிட்டு அந்தியூர் கிளம்ப வேண்டும். நாங்கள் காரில் ஏறியதும் மாமா வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். "அந்தியூரெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். வண்டியைக் கோயமுத்தூருக்கு விடுங்க" என்று துரைசாமி அண்ணனிடம் சொன்னார். அந்தியூருக்கு அடுத்த வாரம் அப்பாவும் மாமாவும் சேர்ந்து போய்ப் பத்திரிகை வைத்து வந்தார்கள். என் படபடப்பும் அந்த இரண்டு வாரத்துக்குள் நின்றுவிட்டது.

குன்னத்தூர், அவிநாசி வழியாக வந்தோம். சிங்காநல்லூர் வரும்போது மணி நாலரை. சத்தம் கேட்டு வெளியே வந்த அப்பா, முன்கதவைத் திறந்துகொண்டு இறங்கிய ஆளைப் பார்த்து அப்படியே நின்றார். மாமாவும் நின்றார். அப்பா என் பக்கம் திரும்பி, "கண்ணு, மாமனுக்குக் காபி போடு" என்றார்.

மூன்று நாளாக நான் தொடாத பில்டரைக் கழுவி, பொடி போட்டு, சுடுதண்ணீர் ஊற்றினேன். ருசி பார்க்க வழியில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கண் அளவில் பாலையும் சர்க்கரையையும் கலந்து எடுத்துப் போனேன். இருவரும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மணி, உங்க ஊட்டுல சக்கரை கெடைக்கறதில்லையா?"

அப்பா எழுந்து, சர்க்கரை டப்பாவை எடுக்க அவரே அடுக்களைக்குப் போனார்.