இலுப்பைக்குச் சொல்ல வேண்டிய காரணம்

எங்கள் ஊர் வாசிகசாலையின் ஆண்டு மலரில், குறுந்தெருவாகிய ஒழுங்கையின் முகப்பில் நிற்கும் இலுப்பை மரத்தைக் கோடரிக்குத் தப்புவித்தவன் என்று என்னைப் புகழ்ந்து ஒரு பத்தி வெளிவந்துள்ளது. படித்து மகிழ்ந்தேன். இரண்டாம் முறை படித்தபோது மகிழ்ச்சி சற்றே குறைந்தது. மூன்றாம் முறை படிக்கத் துணிவு வரவில்லை. அம்மரத்தைத் தறித்தேயாக வேண்டும் என்று கூட்டத்தில் முதலில் எழுந்து பேசியவன் நானே. உண்மையறிந்த சிலர் இன்றும் ஊரில் உளர். மலர் வெளிவந்த நாள்முதல் அவர்கள் என்னைக் காணும்போது தேவைக்கு மேற்பட்ட பணிவோடு வணங்குகின்றனர். அவ்வணக்கத்தைத் தாங்கமாட்டாமலே இதனை எழுதி வைக்கிறேன்.

நிகழ்ந்தது எண்பத்து நான்காம் ஆண்டு, ஆனி மாதம். எங்கள் ஒழுங்கை பெருந்தெருவிலிருந்து பிரியும் இடத்தில் இடப்புறம் அந்த இலுப்பை. வலப்புறம் என் மனைவிக்குச் சீதனமாக வந்த எங்கள் வீட்டு வளவு. மூவர் கைகோத்தாலும் மரத்தின் அடியைச் சுற்றிப் பிடிக்க இயலாது. நட்டவர் யார் என்று வினவினால் ஊரார் ஒவ்வொருவரும் தத்தம் பாட்டனாரைக் குறிப்பிடுவர். மரத்துக்கும் எங்கள் வேலிக்கும் நடுவே மாட்டுவண்டி போகும். மோட்டார் வண்டி போகாது.

இதன் இடர் முந்திய மாரியில் வெளிப்பட்டது. ஒழுங்கையின் அந்தத்தில் குடியிருந்த புகையிலைத் தோட்டக்காரரின் மனைவிக்குக் கடும் நெஞ்சுவலி. தெல்லிப்பழை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வந்த வாடகை வண்டி முகப்பிலேயே நின்றுவிட்டது. நால்வர் சேர்ந்து அவரை இருக்கையில் இருத்திச் சுமந்தோம்.

"கதிரையை நிமித்திப் பிடியுங்கோ!" என்று தோட்டக்காரர் பதறினார்.

கதிரை என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல், நாற்காலி என்பதே தகும் என்று நான் திருத்தினேன். நோயாளி மெல்லக் கண்விழித்து, "நாற்காலியெண்டாலும் பறவாயில்லை மாஸ்ரர், விழுத்திப்போடாதேங்கோ" என்றார்.

அவர் நலம்பெற்றுத் திரும்பினார். ஆனால் வரும் ஆவணியில் அவர் மகளுக்கு முதற்பேறு. போர் மூண்டிருந்த அவ்வாண்டுகளில் எந்தத் தெரு எப்போது தடைப்படும் என்று எவரும் அறியார். வலி கண்டதும் வண்டி வாசல்வரை வந்தாக வேண்டும். ஆதலால் ஒழுங்கையை அகலமாக்க வாசிகசாலையில் கூட்டம் கூடினோம்.

நான் முக்கால் மணிநேரம் பேசினேன். மரத்தின் தொன்மையைப் போற்றினேன். போற்றிய பின், மனித உயிருக்கு முன் தொன்மை எம்மாத்திரம் என்று வினவினேன். முன்னேற்றம் என்ற சொல்லைப் பலமுறை ஆண்டேன். எதிர்த்தவர் ஒருவரே. வியப்பு யாதெனில், அவர் அந்தத் தோட்டக்காரர்.

"மாஸ்ரர், உது எங்களுக்கெல்லாம் முதல் வந்து நிக்கிற மரம். என்ரை பிள்ளையைக் கதிரையிலையே தூக்கிக்கொண்டு போவம்." என் பக்கம் திரும்பி, "மன்னிக்கோணும், நாற்காலியிலை" என்றார்.

அவை சிரித்தது, ஆயினும் என் பக்கமே கை உயர்த்தியது. உரிய அனுமதியும் பெறப்பட்டது.

மரத்தைத் தறிக்கக் குருநகரிலிருந்து வள்ளம் கட்டும் ஓடாவியார் ஒருவர் இசைந்தார். வள்ளத்தின் அடிமரத்துக்கு இத்தகைய வைரம்பாய்ந்த இலுப்பையை நெடுநாளாகத் தேடியவர் அவர். குறித்த நாள் காலையில் வாளோடும் கோடரியோடும் வந்திறங்கி, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை அடையாளம் இட்டார். பின்னர்க் கோடரியை மரத்தில் சாய்த்துவிட்டுத் திரும்பினார்.

"ஆர் இந்த மரத்தை வெட்டச் சொன்னது?"

கூடிநின்ற அனைவரும் என்னைப் பார்த்தனர்.

"அப்ப இஞ்சாலை வாங்கோ வாத்தியார். கையை மரத்திலை வைச்சு, ஏன் வெட்டிறமெண்டு சொல்லுங்கோ. எங்கடை ஆக்கள் காரணம் சொல்லாமல் பெரிய மரத்திலை கை வைக்கிறேல்லை. ஆனா உண்மையைச் சொல்லவேணும். பொய்யெண்டால் கோடாலி வழுக்கும். என்ரை பாட்டனுக்குக் காலிலை ரண்டு விரல் இல்லை."

கூட்டத்தில் ஒருவர் ஐயம் எழுப்பினார்: "நீர் வேதக்காரர். இது சைவ ஊர் மரமெல்லோ. உம்மடை முறை இதுக்குச் செல்லுமோ?"

"மரம் சைவமாய் இருக்கட்டும்," என்றார் ஓடாவியார். "கால் என்ரை."

நான் முன்சென்று பட்டையில் உள்ளங்கையைப் பதித்தேன். மேடை கிடைத்தால் விடுபவனல்லேன். "தொன்மை சான்ற இருப்பையே! மன்னுயிர் பேணல் வேண்டி..." என்று தொடங்கினேன்.

ஓடாவியார் கையுயர்த்தி நிறுத்தினார். "இருப்பை ஆர்?"

"இலுப்பையின் பழம்பெயர் அது."

"மரம் தன்ரை பழைய பேரை மறந்திருந்தால்? இலுப்பையோடை கதையுங்கோ. எல்லாருக்கும் விளங்கவேணும்."

வேறு வழியின்றி ஊர்ப்பேச்சுக்கு இறங்கினேன். "ஒழுங்கை ஒடுக்கம். கார் உள்ளை வராது. பிள்ளைத்தாச்சி ஒராள் இருக்கிறா."

"ஏன் ஒடுக்கம்?"

"மரம் நிக்கிறபடியால்."

"மரம் ஒழுங்கைக்குள்ளை நடந்து வந்ததோ?"

"இல்லை."

"அப்ப என்ன நடந்து வந்தது?"

எங்கள் தீபகற்பத்தாருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை, பிறர்பொருட்டு உரைக்கிறேன். வேலி என்பது எங்கள் ஊர்களில் ஆண்டுதோறும் பிரித்து அடைக்கப்படுவது. உக்கிய வேலித்தடியான கதியாலைப் பிடுங்கிப் புதிய கிளுவைத் தடியை நடும்போது, பழைய குழியில் நடாமல் ஒரு விரற்கடை வெளியே நடுவது ஒரு கைப்பழக்கம். அதனை என் மாமனார் தொடங்கினார். நான் வழுவாது காத்தேன். இவ்வாறு பெற்ற இரண்டு முழ அகலத்தில் தேசி என்னும் எலுமிச்சை மரம் ஒன்றும் ஒரு வரிசைச் செவ்வரத்தைப் பூச்செடிகளும் செழித்திருந்தன. கூட்டத்தில் நான் பேசிய முக்கால் மணிநேரத்தில் இவ்விரண்டு முழம் மாத்திரம் இடம்பெறவில்லை.

என் புறங்கையில் எறும்புகள் ஊர்ந்தன. கோடரி வழுக்கும் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் அவர் நம்பினார். என் வாய்ச்சொல்லை உறுதியெனக் கொண்டு அவர் தம் காலை அங்கே ஊன்றப்போகிறார். அவையில் சொல்ல எளிதாயிருந்தது அக்காலைப் பார்த்தபடி சொல்ல வரவில்லை.

வேலிப் படலை வாசலிலிருந்து என் மனைவியின் குரல் எழுந்தது. "சொல்லுங்கோவன். அந்த மனிசன்ரை காலெல்லோ!"

"என்ரை வேலி வெளியாலை வந்திட்டுது," என்றேன்.

சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று. தோட்டக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியும் மாஸ்ரர்" என்றார்.

"தெரிஞ்சால் கூட்டத்திலை ஏன் சொல்லேல்லை?"

"முக்கால் மணித்தியாலம் நீங்கள் கதைச்சியள். எங்கை இடம் விட்டனீங்கள்?"

ஓடாவியார் மரத்தை விரற்கணுவால் தட்டி ஒலி கேட்டார். "நல்ல வைரம்," என்று பெருமூச்செறிந்தார். "எனக்கு மரமும் வேணும், காலும் வேணும். ரண்டும் ஒண்டாய் வராதுபோலை கிடக்கு." பிறகு கோடரியை எடுத்து நேரே என் வேலிக்குச் சென்றார். எல்லாரும் உடன் கைகொடுத்தனர். அவ்வளவு உற்சாகத்தை ஊர்ப்பணி எதிலும் நான் கண்டதில்லை. நண்பகலுக்குள் செவ்வரத்தைகள் பெயர்த்து உள்ளே நடப்பட்டு, வேலி பழைய எல்லைக்குச் சென்றது.

தேசிமரம் மட்டும் வெளியே நின்றது. வண்டி திரும்ப வேண்டுமாயின் அது போகத்தான் வேண்டும். ஓடாவியார் கோடரியை அதில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சின்ன மரந்தானே?" என்றேன்.

"என்ரை கால் அதே கால்தான்."

காயும் பூவுமாய் நின்ற அம்மரத்தைத் தொட்டு, "உன்னை நட்டது பிழையான இடத்திலை. பிழை என்ரை" என்றேன். ஒரு சொல்லும் திக்கவில்லை. ஓடாவியார் தலையசைத்தார். கோடரி வழுக்கவில்லை.

ஆவணியில் ஒரு முற்பகல், வாடகை வண்டி இலுப்பையைச் சுற்றி உட்சென்று, தோட்டக்காரர் வாசலில் நின்று, தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. பிறந்தது பெண்குழந்தை. மரத்தைக் காத்தவர் தோட்டக்காரரா, ஓடாவியாரா, அவர் காலா என்பதைப் படிப்போர் முடிவு செய்க. நான் அப்பட்டியலில் இல்லை.

மரத்தின் சுற்றளவை நினைவிலிருந்தே எழுதினேன். ஆண்டும் ஒன்று முன்பின்னாக இருக்கலாம். மரத்துக்குக் காரணம் சொல்லும் வழக்கம் பிற கரையோர ஊர்களில் வேறு விதமாக வழங்குமாயின் அதனையும் அறிய விழைகிறேன். வேலி நகர்ந்தது இரண்டு முழம் என்று எழுதியுள்ளேன். என் மனைவி மூன்று என்கிறார். இவற்றுள் பிழை கண்டோர் அன்புகூர்ந்து எனக்கு எழுதித் திருத்துக. வேலியைப் பற்றியதாயின் மடலை என் கையிலேயே தருக.