தேரிக்குப் போனால் நிற்கும் வண்டி

கெட்டுப்போவதென்றால் ஒரேயடியாகக் கெட்டுத் தொலைய வேண்டும். எங்கள் வீட்டு மிக்சி அப்படித்தான். ஒருநாள் காலையில் சட்னி அரைக்கையில் புகைந்து அடங்கியது, விஷயம் முடிந்தது. என் வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளுக்கு அந்த நேர்மை கிடையாது. பத்து நாள் ராஜா மாதிரி ஓடும், பதினோராம் நாள் நடுக்காட்டில் மக்கர் பண்ணும். மெக்கானிக் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல உறுமும். தொண்ணூறுகளின் நடுவில், ஏரலில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது நடந்த கதை இது.

அவருக்குக் கால்நடைத் துறையில் ஆய்வாளர் வேலை. ஊர்க்காரர்களுக்கு மாட்டு டாக்டர். ஏரல் பக்கம் வாழைத்தோட்டத்து வரப்பில் போக வேண்டும், தெற்கே போனால் தேரி, பனையும் முந்திரியுமாகக் கிடக்கிற செம்மணல் மேடு. அதற்கென்றே மலையில் தேயிலைத் தோட்டத்தில் ஓடிய ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். டயரெல்லாம் கட்டை கட்டையாகப் பல்லு. சைலன்சர் இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருக்கும், மட்கார்டு வானத்தைப் பார்க்கும். தெருவில் அதற்குக் காட்டுப்பன்னி என்று பெயர். அவருக்கு அந்தப் பெயரைக் கேட்டால் பெருமை வேறு.

நான் ஆழ்வார்குறிச்சிக்காரி. ஏரலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி, சாமி பக்தியும் ஜாஸ்தி. அவருக்கு ரெண்டும் கிடையாது. விபூதி சந்தனம் என்று நெற்றிப் பக்கம் கையைக் கொண்டுபோனால் போதும், தலையைப் பின்னால் இழுத்துக்கொள்வார். வேர்வையில் கரைந்து கண்ணில் இறங்குகிறதாம். சரி, ஆளுக்குத்தானே வேண்டாம், வண்டிக்கு வாய் இருக்கா என்று, அவர் தடுப்பூசி முகாமுக்குப் போகிற அன்றைக்கு மட்டும் விடியக்காலம் சந்தனம் உரைத்து வண்டிக்கு ஒரு பொட்டு வைத்து அனுப்புவேன். திடீரென்று ஆள் வந்து கூப்பிட்டால் கல்லில் சந்தனம் உரைக்க எங்கே நேரம், அவர் உதைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். முகாம் என்றால் தேதி முன்னாலேயே தெரியும்.

அந்த வருஷம் கிழக்கே ஒரு ஊரில் மாடுகளுக்குக் கோமாரி வந்துவிட்டது. வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் வடிய, கால் ஊன்ற முடியாமல் நிற்கும். பார்க்கவே சகிக்காது. தேரிக்கு நடுவில் ஒரு சின்ன ஊர், சாத்தான்குளம் ரோட்டை விட்டு இறங்கி நாலு மைல் மணலில் போக வேண்டும். அடுத்து அங்கேதான் பரவும் என்று இவர் அடித்துச் சொன்னார். நூத்துச் சொச்சம் மாடு, ஊரே அதை நம்பித்தான். தடுப்பூசி மருந்து திருநெல்வேலியிலிருந்து காலை பஸ்ஸில் ஐஸ் பெட்டியில் வரும். ஐஸ் இருக்கிற வரைக்கும்தான் அது மருந்து. ஐஸ் கரைந்துவிட்டால் மண்ணில் கொட்ட வேண்டியதுதான்.

முதல் முகாமுக்குப் போனவர் பாதி மணலில் நின்றுவிட்டார். உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம். வெயிலில் வண்டியைத் தள்ளி, உட்கார்ந்து, பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்து, கடைசியில் சும்மா ஒரு உதை உதைத்ததும் கிளம்பியிருக்கிறது. அதற்குள் ஐஸ் பெட்டியில் வெந்நீர். போய்ச் சேர்ந்து, காத்திருந்த ஜனங்களிடம் கையை விரித்துவிட்டு வந்தார். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை அவருக்கு.

ஏரல் பஜாரில் மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். நல்ல கைராசிக்காரர். அவரிடம் ஒரு பழக்கம், அழுக்கு வண்டியில் கை வைக்க மாட்டார். மண்ணெண்ணெய்த் துணியால் முழுக்கத் துடைத்து, சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டி, மாப்பிள்ளை மாதிரி ஆக்கின பிறகுதான் ஸ்பேனரை எடுப்பார். பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, எஞ்சினுக்குப் பெட்ரோல் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்றார். கார்புரேட்டரைப் பிரித்து ஊதி மாட்டினார். ஏர் ஃபில்டரில் கைப்பிடி தேரி மண் இருந்தது, அதையும் தட்டினார். பக்கத்து ஊர் அகரம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி பறந்தது.

இரண்டாவது முகாம். அதே மணல், அதே இடம் என்றே சொல்லலாம், அதே கதை. ஆனால் இந்தத் தடவை அந்த ஊரில் பெரிய மீசைக்காரர் ஒருவர், ஊருக்காகப் பேசுகிறவர், இவரிடம் நிதானமாகவே சொல்லியிருக்கிறார்:

"டாக்டரே, மாட்டை மேய்ச்சலுக்கு விடாம கட்டிப்போட்டா அன்னைக்கு அது பட்டினி கெடக்கு. ரெண்டு நாள் கெடந்தாச்சு. இன்னும் ஒரு தடவை கட்டுதோம். அதுக்கு மேல ஊர்ல ஒருத்தனும் கட்ட மாட்டான்."

அதை வந்து என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நேரே செருப்பை மாட்டிக்கொண்டு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். பஜாரே வேடிக்கை பார்க்க அண்ணாச்சியை ஒரு பிடி பிடித்தேன். வண்டியைக் குளிப்பாட்டத்தான் தெரியுமா, வைத்தியம் தெரியாதா, நாளைக்கு மாடு சாகும்போது உங்கள் சோப்பு வந்து காப்பாற்றுமா என்று என்னென்னவோ கேட்டேன். மனுஷர் கையைத் துடைத்துவிட்டு வண்டியை மறுபடி கொண்டுவரச் சொன்னார். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதன் பிறகு நாங்கள் மூன்று பேரும் அந்த வண்டியைப் படாதபாடு படுத்தினோம். சூடு ஏறினால் பிளக்குக்குக் கரண்டு கொடுக்கிற காயில் மயங்கிவிடும் என்று காயிலை மாற்றினார் அண்ணாச்சி. நான் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு, எந்தத் தேதி, எந்த வழி, எவ்வளவு வெயில், எவ்வளவு பெட்ரோல், பின்னால் என்ன பாரம் என்று எழுதினேன். எழுதப்போனால் வேடிக்கை. நடுவில் ஒருநாள் வயிற்றில் கன்று மாறிக் கிடந்து ஈன முடியாத பசுவுக்காக அவசரமாக அதே தேரியில் அதே உச்சி வெயிலில் போய்விட்டு வந்திருக்கிறார், வண்டி ஒரு செருமல் செருமவில்லை. இன்னொரு நாளும் அப்படியே. முகாம் நாளில் மட்டும்தான் நிற்கிறது. ஐஸ் பெட்டி கனமோ என்று அதில் செங்கல் அடுக்கிக் கட்டி, மணலில் ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். காட்டுப்பன்னி செங்கல்லைச் சுமந்துகொண்டு குதியாட்டம் போட்டது. தடுப்பூசிக்கும் இந்த வண்டிக்கும் பூர்வ ஜென்மப் பகை என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாமிக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது முகாம் காலாண்டு லீவில் வந்தது. நானும் வருகிறேன் என்றேன். வண்டி நின்றால் பெட்டியை நிழலில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், வாக்குவாதமே கிடையாது. முதல் முகாமுக்கு நான் வைத்தது நாலணா அகலப் பொட்டு. இரண்டாவதற்கு எட்டணா. அன்றைக்கு ஒரு ரூபாய் அகலத்துக்குக் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு ஏறினேன். பின்சீட்டில் ஐஸ் பெட்டியை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தார் ரோட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மணலில் இறங்கி முதல் கியரில் முறுக்கிக்கொண்டு ஒரு மைல் போயிருப்போம். வண்டி ரெண்டு தடவை விக்கியது, பிறகு அடங்கிவிட்டது.

பெட்டியை ஒரு முந்திரி மரத்தடியில் வைத்து அதன்மேல் அவர் தோள்துண்டை விரித்தேன். அவர் பிளக்கைக் கழற்றினார், காய்ந்து கிடந்தது. கார்புரேட்டருக்குப் போகிற டியூபை உருவினார். டேங்க் நிறையப் பெட்ரோல் அடித்திருக்கிறோம், டியூபில் சொட்டுச் சொட்டாக ரெண்டு துளி வந்து நின்றுவிட்டது. டேங்குக்குள் குப்பை அடைத்திருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திருகினார்.

உஸ்ஸ் என்று ஒரு சத்தம். காற்றை யாரோ உள்ளே உறிஞ்சுகிற சத்தம். அடுத்த நொடி டியூபிலிருந்து பெட்ரோல் அவர் கால்மேல் கொட்டியது.

அவர் காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், நான் மூடியைப் பார்க்கிறேன். மறுபடி மூடச் சொன்னேன். மூடினார். கொஞ்ச நேரத்தில் ஒழுக்கு மெலிந்து நூலாகி நின்றது. திறக்கச் சொன்னேன். திறந்தார், கொட்டியது.

எண்ணெய் டின் வாங்கி வந்தால் ஒரு ஓட்டை போட்டு யாராவது ஊற்றுவார்களா? எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தானே காற்று உள்ளே போய் எண்ணெய் வெளியே வரும். அடுப்படியில் தினமும் பண்ணுகிறேன், ஏழாம் வகுப்பில் காற்றழுத்தம் என்று கரும்பலகையில் படமே போட்டிருக்கிறேன். பெட்ரோல் டேங்குக்கும் அந்த இன்னொரு ஓட்டை உண்டு, மூடியின் நட்ட நடுவில், குண்டூசி நுழைகிற அளவுக்கு. அது அடைத்திருந்தாலும் தார் ரோட்டில் வண்டி கொஞ்சமாகக் குடிக்கும், மூடி ஓரத்தில் கசிகிற காற்று போதும். மணலில் மடக் மடக்கென்று குடிக்கும்போதுதான் போதாமல் போகிறது.

அந்த நட்ட நடு ஓட்டையின் மேல்தான், பளபளவென்று வட்டமாக நெற்றி மாதிரி இருக்கிறதே என்று, நான் ஒவ்வொரு முகாமுக்கும் சந்தனத்தை அப்பிக்கொண்டிருந்தேன். வண்டி நிற்க நிற்க எனக்குப் பயம் கூடியது, பயம் கூடக் கூடப் பொட்டும் கூடியது. பிறகு வண்டி அண்ணாச்சியிடம் போகும், அவர் சோப்புப் போட்டுச் சுத்தமாகக் கழுவிவிட்டு என்ன கோளாறு என்று தேடுவார். என் நோட்டில் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, எனக்கு மட்டும் இல்லை.

தேரி மண் அடைத்துக்கொண்டது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். ஆனால் மரத்தடியில் பெட்டிக்குள் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது, அங்கே மாடுகள் மூன்றாவது தடவையாகப் பட்டினியில் கட்டிக் கிடந்தன.

"ஏங்க, நான்தான்" என்றேன். "என் பொட்டுதான்."

அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ரெண்டு எகிறியிருப்பேன், அழுகை வந்திருக்காது. அவர் மணலில் உட்கார்ந்து, பனை மரமெல்லாம் கேட்கிற மாதிரிச் சிரித்தார். எனக்கு மடை உடைந்துவிட்டது. அழுதுகொண்டே சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றி, சந்தனத்தை நோண்டி எடுத்து, வாயால் ஊதி ஓட்டையைத் திறந்தேன். வாயெல்லாம் பெட்ரோல் நாற்றம், சந்தன வாசனையும் சேர்ந்து. வண்டி முதல் உதையில் கிளம்பியது. ஊர் போய்ச் சேரும் வரைக்கும் அது விக்கவே இல்லை.

பெட்டியைத் திறக்கையில் ஐஸ் பாதிக்கு மேல் இருந்தது. மாடுகள் புளியமரத்தைச் சுற்றிக் கட்டிக் கிடந்தன, ஒன்றைக்கூட அவிழ்த்திருக்கவில்லை. அவர் ஊசி போட, நான் பேர் எழுதினேன். கடைசி மாடு முடிந்ததும் மீசைக்காரர் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து தந்து, வண்டிக்கு என்ன சீக்கு டாக்டரே என்று விசாரித்தார். என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூச்சு அடைப்பு, சரியாப் போச்சு என்றார். அடுத்த ரெண்டு வாரத்தில் கோமாரி அக்கம்பக்கத்து ஊரெல்லாம் சுற்றியது. அந்த ஊருக்குள் மட்டும் வரவில்லை.

திரும்பி வந்த மறுநாள் நானே ஷெட்டுக்குப் போனேன். திட்டப் போனபோது இருந்த வேகம் காலில் இல்லை. பைய விஷயத்தைச் சொன்னேன். அண்ணாச்சி துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார். "அப்போ நான் கழுவிக் கழுவி விட்டதும் தப்புத்தான் டீச்சர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த மனுஷரைப் பஜாரில் வைத்துப் பேசிய பேச்சு இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அடுத்த முகாம் நாள் வந்தது. பழக்க தோஷம், விடியக்காலம் எழுந்து குளித்துச் சந்தனம் உரைத்துவிட்டேன். வாசலில் வண்டி நிற்கிறது. மூடியில் வைக்க முடியாது. ஹெட்லைட்டில் வைத்தால் அதில் என்ன கோளாறு வருமோ, டயரில் வைத்தால் டயருக்கு என்ன ஆகுமோ. விரலில் சந்தனத்தோடு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் முன்னால் வந்து நின்று, தலையைக் குனிந்து நெற்றியைக் காட்டினார்.

"ஏட்டி, இங்கன வை. இதுல ஓட்டை ஒண்ணும் கெடையாது."