அக்கா மில்லை விட்டுவிட்டுப் போனது

அக்கா போய் வருடம் திரும்பிவிட்டது. அவரைப் பற்றி எழுத என்னைவிடப் படித்தவர்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். ஆனால் அக்கா மகள், "நீங்கதான் மாமா எழுதணும்," என்றாள். எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அக்கா சிறு வயதிலேயே கொழுந்துக் கூடை எடுத்தார். சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களில், மாத்தளை டவுனில் அரைக்கும் மில் வைத்திருந்த அத்தானோடு கல்யாணம் ஆனது. மகள் நடை பழகும்போதே அத்தான் காய்ச்சலில் இறந்தார். அன்றிலிருந்து மில்லை அக்காவே நடத்தினார்.

மெஷின் பார்த்தவர் பியதாச. அரிசியும் மிளகாயும் புடைத்துக் கொடுத்தவர் மாரியாயி. இருவரும் பல வருடம் கூடவே நின்றும், மாவு விழும் இடத்தில் அக்காவின் கைதான் இருக்கும். ஒவ்வொருவர் மாவையும் விரலில் தேய்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார். சாப்பாடு நின்றுகொண்டேதான். திருவிழாத் தேர் வாசலைத் தாண்டும்போது மட்டும் வெளியே வந்து கும்பிடுவார்.

மகளை, மலைக்கு அப்பால் யானைக் காட்டோரம் உள்ள பல்லேகமவில் கடை வைத்திருந்தவருக்குக் கொடுத்தார். முதல் பிரசவத்துக்கு மகளை அழைத்துவர இருந்த சமயம், மழையில் பாதை உடைந்து பஸ் நின்றது. அக்கா எப்படியாவது போயிருக்கலாம். மில்லை விட்டுப் போகவில்லை. பிள்ளை தங்கவில்லை.

அடுத்த முறை அவள் மாசமாக இருந்தபோது, லொறியில் கிளீனராக அந்தப் பக்கம் போன நான் அவளைப் பார்த்தேன். பஸ்ஸில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அம்மாவ வரச் சொல்லவா?" என்றேன்.

"வேணாம் மாமா. அம்மாவுக்கு மில் இருக்கு."

அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். மாதம் நெருங்கியதும் அக்கா மில் சாவியைப் பியதாசவிடம் கொடுத்தார். பஸ்ஸில் ஏறியவர் மறுபடி இறங்கி வந்தார்.

"காலையில அரிசி, பின்னேரந்தான் மொளகா. மாத்திப் போட்டுறாதீங்க."

"நீங்க போங்க அக்கே. நாங்க மில்ல தூக்கிக்கிட்டு ஓட மாட்டோம்," என்றார் பியதாச.

"ஓடுனாலும் அந்த எஞ்சின் கனத்துக்கு இந்தா இருக்கிற அலுவிகாரையக்கூட தாண்ட மாட்டோம்," என்றார் மாரியாயி.

மறுநாள் காலையிலேயே தப்பு நடந்துவிட்டது. ஒரு கல்யாண வீட்டு முறுக்கு மாவில் மிளகாய்க் காரம் ஏறிவிட்டது. தினமும் மாலையில் மிளகாய் அரைத்து முடிந்ததும் அக்கா இரண்டு கை தவிட்டை மெஷினில் ஓட்டி, அதை அள்ளி வாசல் சாக்கடைக் கானில் கொட்டுவார். மெஷினில் ஒட்டிய காரம் போவதற்குத்தான். ஆனால் யாருக்கும் சொன்னதில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் வாய் பேசாமல் செய்ததால், மில்லுக்குத் திருஷ்டி கழிக்கிறார் என்றே இருவரும் நினைத்திருந்தார்கள். முதலாளியம்மா கழிக்க வேண்டியதை நாம் கழிக்கக்கூடாது என்று தவிட்டைத் தொடவில்லை.

சேதியைப் பல்லேகமவுக்குக் கொண்டுபோனவன் நான்தான். கேட்டதும் அக்கா கொடியில் கிடந்த சேலைகளை எடுத்துப் பையில் வைக்கத் தொடங்கினார். பாயில் படுத்திருந்த மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கல்யாண வீட்டுல யாரு போய்ச் சொன்னது?" என்று அக்கா கேட்டார்.

"அவங்க ரெண்டு பேருந்தான். மெஷின்ல மிஞ்சுன மாவு காரமா இருக்கறதப் பாத்துட்டு, அவங்க மாவு பெசையறதுக்குள்ள ஓடிப்போய், தப்பு எங்களோடதுன்னு சொல்லியிருக்காங்க. மாரியாயி வீட்டு ரேஷன் கூப்பன் அரிசிய ஊறப்போட்டு, மெஷினக் கழட்டித் தொடச்சு, மறுபடி அரைச்சுக் குடுத்துட்டாங்க."

"யாரு சொல்லிச் செஞ்சாங்க?"

"யாரு சொல்றது? நீதான் அங்க இல்லையே."

அக்கா பையைப் பார்த்தபடி நின்றார். "இத்தன வருசம் பக்கத்துல நின்னவங்களுக்கு, தவிடு எதுக்குன்னு நான் வாயத் தொறந்து சொன்னதில்ல பாரு," என்றார். பிறகு சிரித்துவிட்டார். "மாரியாயி குடுத்த அரிசிக்குப் பதிலா நம்ம வீட்டுல எடுத்துக்கச் சொல்லு. அந்தத் திருஷ்டிய இனி அவங்களே கழிக்கட்டும். நான் பிள்ள மொகத்தப் பாத்துட்டுத்தான் வருவேன்."

சேலைகளைத் திரும்பக் கொடியில் போட்டார். பேரன் பிறந்தபோது மகளைத் தாங்கிப் பிடித்திருந்தவர் அக்காதான்.

அதன் பிறகு வருடந்தோறும் அறுப்புக் காலத்தில் பல்லேகமவில் இருந்துவிட்டு வருவார். சீக்கிரம் திரும்பினால், "என்னக்கா, யானை வெரட்டிருச்சா?" என்பார் மாரியாயி. கடைசியில் படுக்கையில் கிடந்த மாதங்களில், மில் என்ன ஆனது என்று அக்கா ஒருநாளும் கேட்கவில்லை.

அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற அயலவர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த பக்கத்துக் கடை முஸ்லிம் குடும்பத்துக்கும், பந்தல் போட்ட கோயில் பிள்ளைகளுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

கருமாதிக்கு முதல்நாள் மில்லுக்கு அரிசி கொண்டுபோனேன். "கொஞ்சம் இருங்க," என்று மாரியாயி இரண்டு கை தவிட்டை ஓட்டிக் கானில் கொட்டினார். பியதாச மாவை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "சரி, கொண்டு போங்க," என்றார்.