தொண்டிக் கடல் வரைபடத்தை நான் சுத்தம் செய்த கதை

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவின் அத்தா, அதாவது அப்பா, ஒரு காலத்தில் தொண்டியிலிருந்து இலங்கைக்குத் தோணி ஓட்டியவர். வெள்ளைக்காரன் காலத்தில் அச்சான அவருடைய கடல் வரைபடம் அக்காவின் அலமாரியில் சுருட்டிக் கிடந்தது. நான் காரைக்குடியில் வரலாறு நடத்துகிற வாத்தியார். மூழ்கிப்போன பழைய துறைகளைத் தேடும் குழு ஒன்றுக்கு இப்படிப்பட்ட வரைபடங்களைச் சேகரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கேட்டதுமே அக்கா எடுத்து நீட்டினார்.

"கொண்டு போங்க தம்பி. நீங்க பத்திரமாத்தான் வச்சிருப்பீக."

வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விரித்தேன். கரைக்கோடு, மணல்திட்டு, ஆழத்தைச் சொல்லும் எண்கள் எல்லாம் அச்சில் அழகாக இருந்தன. அவற்றின் மேல் பென்சிலால் அங்கங்கே பெருக்கல் குறிகள். ஏதோ சின்னப்பிள்ளை கிறுக்கியது என்று நானாகவே முடிவு கட்டினேன். எனக்குச் சுத்தப் பைத்தியம் வேறு. ஸ்கேன் எடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குனிந்து உட்கார்ந்து, ரப்பரால் ஒவ்வொன்றாக அழித்தேன். காகிதம் கிழியாமல் அழித்துவிட்டதில் பெருமைகூடப் பட்டேன்.

குழுவிலிருந்த அகழாய்வாளர் அம்மா கேட்ட முதல் கேள்வியே, "கையால் போட்ட குறி ஏதும் இருந்ததா?" என்பதுதான். தோணிக்காரர்கள் நங்கூரம் சிக்கும் இடங்களைக் குறித்து வைப்பார்களாம். சேறும் மணலுமான அந்தக் கடலில் நங்கூரம் சிக்கினால், அடியில் பழைய கட்டடமோ உடைந்த கப்பலோ கிடக்கலாம்.

"அச்சுப் படம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும் சார்" என்றார்.

அழித்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். ஸ்கேனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரு தடம்கூட இல்லை. அந்த அளவுக்கு ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறேன், பாவி.

அந்த அம்மாவிடம் சொல்ல முடிந்த உண்மையை அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, தையல் மெஷின் மேலேயே விரித்து விரலால் தடவித் தேடினார்.

"அத்தா போட்ட குறியெல்லாம் எங்க தம்பி? அவுகளுக்கு எழுதத் தெரியாது. அவுக கைபட்டதுன்னு எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்."

"பழைய பென்சில் இல்லையாக்கா, மங்கிப்போச்சு."

அக்கா அப்படியே நம்பிவிட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான்தான் ஈரம் படாமப் பாத்திருக்கணும். உங்க வேலைக்கும் ஒதவாமப் போச்சு. மன்னிச்சுக்கிருங்க தம்பி."

"பரவாயில்லக்கா" என்றேன்.