பல்செட்காரர் வாங்கிய பழைய சோபா

செய்தி வந்தபோது மாலை மணி நான்கு பத்து. டீச்சரம்மா முன்னறை சோபாவில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். போனில் தம்பி.

"அக்கா, கொஞ்சம் உட்கார்ந்துக்கோ."

"உட்கார்ந்துதான்டா இருக்கேன். எந்திரிக்கணும்னா சொல்லு."

அத்தான் பட்டறையில் மேசைமேல் தலைசாய்த்து இருந்தார் என்றும், அசந்து தூங்குகிறார் என்று நினைத்து அரைமணி நேரம் யாரும் எழுப்பவில்லை என்றும், டாக்டர் வந்து பார்த்துக் கையை விரித்துவிட்டார் என்றும் தம்பி சொன்னான். அவள் தட்டைப் பக்கத்தில் வைத்தாள். சோபாவின் இரண்டு மரக்கைகளிலும் உள்ளங்கையை ஊன்றி ஒரே மூச்சில் எழுந்து நின்றாள். யாரும் கை கொடுக்கவில்லை.

அவள் அப்படித் தானாக எழ வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சோபாவே இந்த வீட்டுக்கு வந்தது.

அவள் கணவருக்குப் பல்செட் கட்டுகிற தொழில். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவர் ஈறு வார்த்து, பல் பதித்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். தெருவில் அவருக்கு வேறு பெயரே கிடையாது, பல்செட்காரர்தான். ஆட்களின் முகம் அவருக்கு நினைவில் நிற்காது, வாய் நிற்கும். "யாரு, மேல் முன்பல்லு ஒண்ணு லேசா ஏறியிருக்குமே, அவரா?" என்றுதான் விசாரிப்பார். கல்யாணத்துக்கு முன்னால் அவளை முதன்முதலில் சந்தித்தபோது அவர் வாயைத் திறந்து சொன்னது இது: "கீழ்வரிசையில இடதுபக்கம் கடைசிப்பல் உங்களை ஒருநாள் பாடாப்படுத்தும்." ஆறே மாதத்தில் படுத்தியது. அதற்குள் கல்யாணம் முடிந்திருந்தது.

போன வருடம் அவளுக்கு இடுப்பு மூட்டை மாற்றி வைத்தார்கள். நடை சீக்கிரமே வந்துவிட்டது. உட்கார்ந்தால் எழத்தான் வரவில்லை. வீட்டிலிருந்த சோபா புதிது, தாழ்வானது, ஆளை அப்படியே விழுங்குகிற ரகம். ஒருநாள் பழைய மாணவி ஒருத்தி கணவனோடு வந்திருந்தாள். வாசல்வரை வழியனுப்ப டீச்சரம்மா எழப் பார்த்தாள், முடியவில்லை. மாணவி ஒரு கையை, அவள் கணவன் மறு கையைப் பிடித்து, சேற்றில் மாட்டிய வண்டியைக் கிளப்புவதுபோல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தூக்கினார்கள். முப்பத்தோரு வருடம் வகுப்பில் "எழுந்து நில்" என்று சொன்னவளுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

"இனிமே யார் வந்தாலும் நான் தூங்கறேன்னு சொல்லிடுங்க. முன்னறைக்கே வரமாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மூன்று வாரம், வந்தவர்கள் பேசுவதையெல்லாம் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். உயரமான நாற்காலி ஒன்று போட்டுத் தருவதாக அவர் சொன்னார். "பரீட்சை ஹால்ல மேற்பார்வைக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கும். வேணாம்" என்றாள்.

மறுநாள் அவர் ஒரு முக்காலிமேல் பழைய செய்தித்தாள்களை அடுக்கினார். "உட்காரு. எந்திரி." வரவில்லை. இன்னும் நாலு தாள். "எந்திரி." அடுக்கு பத்தொன்பது அங்குலத்தைத் தொட்டதும் அவள் எழுந்துவிட்டாள். அந்த அளவுக்கு ஒரு குச்சியை வெட்டிப் பையில் செருகிக்கொண்டார்.

"இப்போ செய்யற சோபா எல்லாம் படுக்கறதுக்கு. உட்கார்றதுக்குன்னு செஞ்சாங்களே, அந்தக் காலத்துச் சோபாதான் நமக்கு."

பழைய மரச்சாமான் கடைகளில் அவர் படுத்திய பாட்டைச் சொல்லி மாளாது. தரையில் மல்லாந்து படுப்பார். கைப்பிடி வைத்த குட்டிக் கண்ணாடியைச் சோபாவுக்கு அடியில் நுழைத்து மூலைமூலையாகப் பார்ப்பார். சின்ன இரும்புக் கம்பியால் சட்டத்தைத் தட்டி, காதை வைத்துக் கேட்பார்.

"சார், சோபாவுக்குப் பல்வலியா?" என்றார் ஒரு கடைக்காரர்.

"மேலே பளபளன்னுதான் இருக்கும். சொத்தை உள்ளேதான்."

பிறகு குச்சியால் உயரம் பார்ப்பார். சரியாக வந்தால் தானே உட்கார்ந்து, ஒரு காலை நீட்டி, முகத்தைச் சுளித்து, மனைவி எழுவதுபோலவே முக்கி முனகி எழுந்து பார்ப்பார். ஒரு கடையில் பயந்துபோய்த் தண்ணீர் தெளித்தார்கள்.

இரண்டு மாத அலைச்சலில் ஒரு கிடங்கின் மூலையில் அது கிடைத்தது. கைகளிலும் முதுகிலும் வளைவு வளைவாகச் செதுக்கல், உள்ளே குதிரைமுடித் திணிப்பு, மேலே ஊறுகாய் நிறத்தில் துணி. கால்கள் நான்கும் சிங்கப்பாதம். நான்கில் ஒன்று இல்லை. முன்பக்க வலதுபாதம் இருந்த இடத்தில் செங்கல். மறுநாளே டீச்சரம்மாவைக் கூட்டிவந்து காட்டினார்.

"என்னங்க இது, பாக்கவே வாந்தி வருது," என்றாள்.

"துணியை மாத்திக்கலாம். உட்காரு."

உட்கார்ந்தாள். இருக்கை அவளை விழுங்கவில்லை, தாங்கிக்கொண்டது. கையை ஊன்றினாள். எழுந்துவிட்டாள். நம்பிக்கையில்லாமல் மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். ஆறாவது தடவை கடைக்காரர் பொறுமையிழந்தார்.

"அம்மா, வாங்க வந்தீங்களா, உடற்பயிற்சிக்கு வந்தீங்களா?"

"பேசாம இருங்க. எண்ணிக்கை தப்பிடும்," என்றாள் டீச்சரம்மா.

இல்லாத பாதத்தைத் தச்சரிடம் சொல்லிச் செய்து தருவதாகக் கடைக்காரர் சொன்னார். பல்செட்காரருக்குக் கோபமே வந்துவிட்டது. இல்லாததைக் கட்டித் தருவதுதானே அவர் பிழைப்பு? பையிலிருந்து அச்சுப்பசையை எடுத்துக் குழைத்து, முன்பக்க இடதுபாதத்தின்மேல் அப்பி, இறுகும்வரை பிடித்துக்கொண்டார். அப்போது அவர் கண் கையில் இல்லை. எட்டாவது முறையாக எழுந்துகொண்டிருந்தவள்மேல் இருந்தது.

தம்பியின் வண்டியில் சோபா வந்து சேர்ந்தது. ஒரு வாரம் கழித்துப் பாதமும் வந்தது. அவருக்குப் பழகிய சரக்கு ஒன்றுதான் என்பதால் பாதம் ஈறு மாதிரி ரோஸ் நிறம், நகங்கள் பல் மாதிரி வெள்ளை. அதை யாரும் தப்பு சொல்லியிருக்கமாட்டார்கள். பொருத்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் தம்பி வாயைப் பொத்திக்கொண்டான்.

"அத்தான், இது இடதுகால்."

"என்னது?"

"இடதுபக்கம் அச்செடுத்தா இடதுதானே வரும்? பாருங்க, நகமெல்லாம் உள்பக்கம் பாக்குது. சிங்கம் கிளம்பலாமா வேணாமான்னு யோசிக்குது."

டீச்சரம்மா சிரித்த சிரிப்பில் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வாழ்நாள் முழுவதும் இடது கடைவாயை வலதில் வைத்தறியாத மனிதர் தரையில் குந்தி அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உயரம் சரியா இருக்குல்ல? ஆடலைல்ல? இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் அவள்.

"தொழில் பேரு கெட்டுப்போகும்."

"சோபா போய் யார்கிட்ட சொல்லப்போகுது?"

அவர் கேட்கவில்லை. வலதுபாதத்துக்குக் களிமண்ணில் உரு பிடித்து அச்சு எடுக்க, டாக்டர்களின் வேலைக்கு நடுவே நேரம் திருடிக்கொண்டிருந்தார். அதற்குள் டீச்சரம்மா முன்னறைக்குத் திரும்பியிருந்தாள். யார் வந்தாலும் முதலில் உட்கார்ந்தே வரவேற்பாள். பிறகு, வேண்டுமென்றே, தண்ணீர் கொண்டுவர எழுவாள். அவர் எதிரில் நின்று அவள் எழுவதைப் பார்ப்பார். முகத்தை.

அவர் போன பிறகு வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் குனிந்து கை நீட்டினார்கள். அவள் ஒருவர் கையையும் பிடிக்காமல் ஒவ்வொருவருக்கும் எழுந்து நின்றாள். குனிந்தவர்களில் சிலர் கண் ரோஸ் பாதத்தில் பட்டு, துக்கம் கேட்க வந்த இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். "பரவாயில்ல, சிரிங்க. அவரு கைவேலைதான்," என்றாள்.

நான்காம் நாள் தம்பி பட்டறையைப் பூட்டிவிட்டு, மேசைமேல் இருந்ததையெல்லாம் ஒரு பையில் கொண்டுவந்தான். டாக்டர்களுக்குப் போக வேண்டிய இரண்டு பல்செட், கைப்பிடி வைத்த அந்தக் குட்டிக் கண்ணாடி, வலதுபாதம். பாதம் சரியாகவே வெளிப்பக்கம் பார்த்தது. அதில் நான்கு நகங்கள். மூன்றுக்கு மெருகு ஏற்றியிருந்தது. நான்காவது, அச்சிலிருந்து வந்தபடியே சொரசொரப்பாக இருந்தது.