சிமதிவாவின் வண்டிக்குள் இருந்த பூச்சி

பெனியமினா பழுது பார்க்கிற வண்டிக்குள் ஒரு பூச்சியை வைத்து அனுப்புவான், சில மாதம் கழித்து அது கத்தும், கத்தினால் மறுபடியும் அவனிடமே ஓட வேண்டும் என்று சாவைலலோ கிராமத்தில் ஒரு பேச்சு உண்டு. பதினோரு வருடமாக அவன் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பிரெட் வாங்கக் கடைக்குப் போனால், "என்ன பெனி, இன்னைக்கு எத்தனை பூச்சி பிடிச்ச?" என்பார்கள். பாதிரியார் பிரசங்கம் செய்யும்போது கூரையில் ஒரு சில்வண்டு கத்தினால் போதும், ஆறேழு தலைகள் அவன் பக்கம் திரும்பும். அவன் தன் வாழ்நாளில் எந்த வண்டியிலும் எந்தப் பூச்சியையும் வைத்ததில்லை. இந்தப் பேச்சைக் கிளப்பியவள் சிமதிவா. வயதான பிறகு மகளிடம் ஆக்லாந்துக்கு விமானம் ஏறுகிற நாள் வரை அவள் அதை இல்லையென்று சொல்லவும் இல்லை.

சிமதிவா தடித்த தோளும் தாழ்ந்த குரலும் கொண்டவள். பாடகர் குழுவில் பெண்களின் கீழ்க்குரலுக்கு அவள்தான் தலைவி. அவள் மூச்சை இழுத்து ஆரம்பித்தால் ஆண்கள் பக்கத்தில் இரண்டு பேர் வாயை மூடிக்கொள்வார்கள். முப்பத்தொரு வயதில் ஆக்லாந்து போய், பதினான்கு வருடம் அலுவலகங்களின் தரையைத் துடைத்துவிட்டு, ஊர் திரும்பியதும் முதல் வேலையாக தீவின் தலைநகரான ஆப்பியாவில் ஒரு பழைய வண்டிக் கடையில் போய் நின்றாள். ஜப்பானிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய சின்ன வெள்ளை வண்டி. அங்கே ஏற்கெனவே பத்து வருடம் ஓடியது. கழுவித் துடைத்து, உள்ளே வாசனை அட்டை தொங்கவிட்டு வைத்திருந்தார்கள். ஊரில் சொந்தமாக வண்டி வாங்கிய முதல் பெண் அவள்தான். அந்தச் சாவியைக் கழுத்தில் சிலுவையோடு சேர்த்துத் தொங்கவிட்டிருந்தாள்.

சாவியைத் திருகியதும் அந்த வண்டிக்குள் ஒரு பெண் ஜப்பான் மொழியில் மெதுவாக ஏதோ சொல்வாள். சிமதிவா தலையைக் குனிந்து "ஆமென்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள். ஜப்பான் மீன்பிடிக் கப்பலில் வேலை பார்த்த ஒருவனிடம் பெனியமினா அர்த்தம் கேட்டான். சுங்கச்சாவடி அட்டையைச் செருகவில்லை என்கிறாளாம். அதைச் சிமதிவாவிடம் சொன்னபோது, "அவ என்னமோ சொல்லிட்டுப் போறா. நான் சொல்றது கடவுளுக்கு" என்றாள்.

வண்டி வாங்கிய வாரம் அவள் அதைப் பெனியமினாவின் கொட்டகைக்குக் கொண்டுவந்தாள். அவன் ஒரு பகல் முழுக்க அதன் அடியில் கிடந்தான். டயரில் பட்டை நன்றாக இருந்தது, ஆனால் பக்கவாட்டில் காய்ந்த சேற்றைப் போல வெடித்திருந்தது, வயசான டயர். தரைத்தகட்டில் கடல் உப்பு தின்ற துரு. ஆள் ஏற ஏற கியர் வழுக்கி, இன்ஜின் மட்டும் அலறும், வண்டி நகராது. ஸ்டியரிங்குக்கு எதிரே மஞ்சளாக எரிந்துகொண்டிருந்த எச்சரிக்கை விளக்கின் மேல் யாரோ ஒரு புறா படத்தை ஒட்டியிருந்தார்கள். படத்தைப் பிய்த்தால் அடியில் விளக்கு எரிகிறது. முன் சக்கரத்தின் பிரேக் பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது.

பெனியமினா அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாயைத் திறந்தால் திட்டுகிற மாதிரிதான் இருக்கும். டயரை மாற்றினான், துருவைச் சுரண்டித் தகடு வைத்தான், சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து மாட்டினான். பிரேக்கைப் பற்றி ஒரே வார்த்தைதான் சொன்னான்.

"இன்னும் கொஞ்ச நாள் ஓடும். கத்தினா கொண்டா."

"எது கத்தினா?"

"வண்டி."

அவ்வளவுதான். அந்த பேட்டுக்குள் சின்னத் தகடு ஒன்று இருக்கிறது, பேட் தேய்ந்து முடிகிறபோது அந்தத் தகடு சக்கரத்தட்டில் உரசிக் கிறீச்சிடும், செய்தவனே அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறான் என்பதையெல்லாம் அவன் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டான்.

எட்டு மாதம் கழித்து வண்டி கத்த ஆரம்பித்தது. அது கத்திய நேரம்தான் வம்பு.

சாயங்காலம் சங்கு ஊதினால் சாவைலலோவில் ஜெப வேளை. ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்துவிடும். நாய் கூட நடுத்தெருவில் நிற்காது. இளவட்டங்கள் வேட்டி கட்டிக்கொண்டு சாலை ஓரம் காவல் நிற்பார்கள். எந்த வண்டி வந்தாலும் நின்றாக வேண்டும். சிமதிவா கீழ்க்குரல் பெண்களை ஏற்றிக்கொண்டு ஆப்பியாவில் பாட்டுப் பயிற்சி முடிந்து திரும்புகிற நேரமும் அதுதான். அவளுக்கு ஊர்க்கட்டுப்பாட்டில் பயபக்தி அதிகம். மூப்பர்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தைத் தாண்டும்போது நடந்து போகிறவர்கள் குனிந்து "துலோ" என்று மன்னிப்புக் கேட்டுப் போவார்களே, அதை அவள் வண்டி ஓட்டிக்கொண்டே செய்வாள். தலை ஸ்டியரிங்குக்குக் கீழே போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் ஆளில்லாத வண்டி ஒன்று மரியாதையாகப் போவது மாதிரி இருக்கும்.

அப்படிப்பட்டவள் சங்குச் சத்தம் கேட்டதும் பிரேக்கை மிதித்தாள். பிரேக் மிதித்ததால்தான் வண்டி கத்தியது. கிறீச்சென்று அந்தச் சத்தம் ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போயிற்று. ஜெபத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஒரு கண்ணைத் திறந்தார்கள்.

இரண்டு தடவை எச்சரித்தார்கள். மூன்றாம் தடவை மூப்பர்கள் கூடி மீன் டின் ஒரு பெட்டி அபராதம் போட்டார்கள். இன்னொரு தடவை கத்தினால் வண்டி ஊருக்குள் வரக்கூடாது, பெரிய ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இருட்டில் அவ்வளவு தூரம் நடக்க வேண்டுமென்றால் கீழ்க்குரல் பெண்கள் ஆப்பியா பயிற்சிக்கு வரமாட்டார்கள். பதினான்கு வருடம் குனிந்து சம்பாதித்தது ரோட்டோரத்தில் நிற்கும்.

அப்போது அவள் பெனியமினாவிடம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பக்கத்து வீட்டு லங்கியிடம் அவள் சொன்னது இது: "அவன் சக்கரத்தைக் கழட்டுறதுக்கு முன்னாடி இது கத்துச்சா? இல்ல. கழட்டும்போதே சொல்றான், கத்தினா கொண்டான்னு. கத்தும்னு அவனுக்கு எப்படித் தெரியும்? என்னமோ ஒரு பூச்சிய உள்ள வெச்சிருக்கான்."

லங்கியிடம் ஒரு விஷயம் போய்விட்டால் மறுநாள் அது மீன் சந்தையில் இருக்கும்.

கத்துகிற எதற்கும் சிமதிவாவின் வீட்டில் ஒரே மருந்துதான். கீல்வாத முட்டியா, கதவுக் கீலா, காய்ச்சல்காரப் பிள்ளையா, கமகமவென்று மணக்கிற மொசோஓய் பூ போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், முன் சக்கரங்களுக்குள் கோழி இறகால் நன்றாகத் தடவிவிட்டாள். சத்தம் நின்றது. ஞாயிறு காலை இன்னொரு தடவை, நீண்ட பயணம் ஆயிற்றே என்று தாராளமாகத் தடவினாள்.

அந்த ஞாயிறு மலைக்கு அந்தப் பக்கம், தென்கரையில் ஒரு சர்ச்சின் பிரதிஷ்டை. பாடகர் குழு பேருந்தில் முன்னால் போய்விட்டது. அதில் இடமில்லாதவர்கள் சிமதிவாவின் வண்டியில். பின்னால் மூன்று பேர், அவர்கள் மடியில் இரண்டு பேர். தடித்த குரலில் ஒரு ஆள் குறைந்ததால் பெனியமினாவையும் இழுத்து முன்னால் உட்காரவைத்தார்கள். எல்லோரும் கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி.

பெனியமினா பெல்ட்டை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மாட்டியிருந்தாள்.

"என்னக்கா இது?"

"மாட்டலைன்னா டிங்டிங்குன்னு அடிக்குது. முன்னால மாட்டினா வெள்ளத் துணில கோணலா அழுக்குக் கோடு விழுது. பிரதிஷ்டைக்கு நான் கோடு போட்டுட்டா போறது?"

"உசுரு போனா?"

"காலங்காத்தால பேச்சப் பாரு. நீ பாட வந்தியா, பயமுறுத்த வந்தியா?"

அவன் கை நீட்டி பெல்ட்டை எடுத்து முன்னால் மாட்டினான். அவள் ஒரு கைக்குட்டையை அதன் அடியில் விரித்துக்கொண்டு, அவனை முறைத்தபடியே கிளம்பினாள்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. கியர் வழுக்கியது, இன்ஜின் அலறியது, பின்னால் இருந்தவர்கள் யார் கனம் என்று சண்டை போட்டார்கள். உச்சியைத் தாண்டி இறக்கம் ஆரம்பித்து, மூன்றாவது வளைவில் லங்கி மூக்கை உறிஞ்சினாள்.

"யாருடி தலைக்கு இவ்வளவு எண்ணெய் வெச்சிட்டு வந்தது?"

"நான் இல்ல."

"நல்ல வாசனை. யாரோ பலகாரம் சுடுறாங்க. எனக்குப் பசிக்குது."

பெனியமினாவுக்கும் வாசனை வந்தது. பூ வாசனை, அதற்கடியில் எண்ணெய் தீய்கிற வாசனை. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். முன் சக்கரத்திலிருந்து நீலமாகப் புகை வந்துகொண்டிருந்தது.

"அக்கா, பிரேக்க என்ன பண்ணின?"

"ஏன்? இப்ப பூ மாதிரி நிக்குது" என்று சொல்லிக்கொண்டே அவள் மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. இன்னும் மிதித்தாள். கால் தரை வரை போயிற்று. "பெனி" என்றாள். அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி அவன் கேட்டதில்லை.

பின்னால் ஐந்து பெண்களும் ஒரே மூச்சில் கீர்த்தனை ஆரம்பித்தார்கள்.

"பாட்ட நிறுத்துங்க. எனக்கு இன்ஜின் சத்தம் கேக்கணும்."

பாட்டு நின்றது. அவன் கியர்க்கட்டையைப் பிடித்துக் கீழே, L எழுத்துக்கு இழுத்தான். இன்ஜின் கூச்சல் போட்டு வண்டியைப் பிடித்து இழுத்தது. வேகம் கொஞ்சம் அடங்கியது.

"ரோட்ட மட்டும் பாருக்கா. என்னைப் பாக்காத. மலையோரமாவே வா."

பின்சக்கரத்தின் பிரேக் மூடிய டப்பாவுக்குள் இருக்கிறது, அவள் எண்ணெய் அங்கே போயிருக்காது. அதை நம்பி அவன் ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் இழுத்தான், விட்டான், மறுபடி கொஞ்சம் இழுத்தான். மொத்தமாக இழுத்தால் வண்டி சுழன்றுவிடும். அடுத்த வளைவில் மூன்று மூப்பர்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். சிமதிவாவின் தலை பழக்கத்தில் குனியப் போனது.

"குனியாத!" என்று அவன் கத்தினான். அன்றைக்கு அவன் கத்தியது அந்த ஒரு தடவைதான்.

வளைவு தாண்டி, மலைச்சரிவு ஓரம் இஞ்சிச் செடிகள் அடர்ந்த மண்மேட்டில் உரசி, வண்டி மெதுவாக நின்றது. யாருக்கும் கீறல் இல்லை. லங்கியின் தொப்பி மட்டும் நசுங்கியது. இறங்கியதும் ஐந்து பேரும் அழுதார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து பெனியமினாவைத் திட்டினார்கள், பூச்சி வைத்தவன் என்று.

அப்போதுதான் அவன் வாய் திறந்து அந்தத் தகட்டைப் பற்றிச் சொன்னான். சக்கரத்தைக் காட்டி, கருகிய எண்ணெயைக் காட்டி, எது ஏன் கத்துகிறது என்று முழுதாகச் சொன்னான். அவ்வளவு நீளமாக அவன் பேசியது அதுவே முதல் தடவை.

சிமதிவா இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். "இத ஏன்டா அன்னைக்கே சொல்லல?"

"சொன்னேனே."

"கத்தினா கொண்டான்னு சொன்ன. எம் புருஷனும் கத்துவான், நான் எங்க கொண்டுபோனேன்? அது ஏன் கத்துது, கத்தலைன்னா என்ன ஆவும்னு சொன்னியா?"

 பின்னால் வந்த லாரி ஒன்றில் மற்றப் பெண்கள் ஏறிப் போனார்கள். சிமதிவா வண்டியை விட்டு வரமாட்டேன் என்று மண்மேட்டில் உட்கார்ந்துகொண்டாள். பிரதிஷ்டைக்குக் கொண்டுபோன கூடையைத் திறந்து, சேப்பங்கிழங்கில் பெரிய துண்டாக எடுத்து அவனுக்கு நீட்டினாள். அவள் இல்லாமல் பாடிய கீழ்க்குரல் அன்றைக்கு மூழ்கிவிட்டது என்று சாயங்காலம் சேதி வந்தது. அதில் அவளுக்கு ரொம்பத் திருப்தி.

அவன் புது பேட் போட்டுக் கொடுத்தான். சத்தமும் இல்லை, அபராதமும் இல்லை, வண்டி ஊருக்குள் வந்து போயிற்று. ஊரில் அவள் சொன்னது வேறு: "பெனி வெச்ச பூச்சிக்கு எண்ணெய் கொடுத்தேன். அது மயங்கி விழுந்துடுச்சு, வண்டியும் நிக்கல." அவள் கொட்டகைக்கு வந்தபோது அவன் சண்டை போட்டான். "சிரிக்கத்தானடா சொல்றேன், உன் மூஞ்சிலதான் சிரிப்பே வராது" என்றாள்.

அதற்குப் பிறகு பத்து வருடம் அந்த வண்டி ஓடியது. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை கொட்டகைக்கு வரும். அவள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அவன் கழற்றும் ஒவ்வொன்றுக்கும் "இது எதுக்கு?" என்று கேட்பாள். போன வருடம் இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஆக்லாந்தில் இருக்கிற மகள் தன்னிடம் வரச் சொன்னாள். இனி ஓட்டக்கூடாது என்று அவளே முடிவு செய்தாள். வண்டியை மாவட்ட ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த ரூத்தா என்கிற நர்ஸுக்குக் கொடுப்பதாகப் பேச்சு.

விமானத்துக்கு முந்தின நாள் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி அவன் கையில் வைத்தாள்.

"பெனி, அந்தப் பொண்ணு நாளைக்கு வருவா. கழுவி வெக்காத. வாசனை அட்டையெல்லாம் மாட்டாத. அவள உக்கார வெச்சு, இதுல இருக்கிற கோளாறு அத்தனையும் சொல்லு. கியர் வழுக்குறது, இடதுபக்கக் கதவு உள்ளேர்ந்து திறக்காதது, மழை பெஞ்சா கால்கிட்ட தண்ணி ஏறுறது, எல்லாம். அவ கேக்கலைன்னாலும் சொல்லு. வேணாம்னு போனா போகட்டும். ஒவ்வொண்ணும் ஏன்னு சொல்லு. மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்சாப்பல வெச்சுக்கிட்டுச் சொல்லு."